சாமி மேடையில் இருந்த தகடு

நாயை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போய் பாஸ்போர்ட் அளவில் படம் எடுத்துக்கொண்டு வந்த ஒரு மனுஷியை எனக்குத் தெரியும். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரைப் போட்டு எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பது ஒரு காரணம்.

கெடாவில் ஒரு சின்ன ஊரின் நகராண்மைக் கழகத்தில் நான் லைசன் கவுண்டரில் இருந்தேன். அங்காடிக் கடைக்கும் விளம்பரப் பலகைக்கும் நாய்க்கும் லைசன் அந்த ஒரே கவுண்டரில்தான். நாய் லைசன் விண்ணப்பப் பாரத்தில் படம் ஒட்ட ஒரு கட்டம் உண்டு. ஜனங்கள் வாலும் பாதி முதுகும் விழுந்த ஏதோ ஒரு படத்தை நீட்டுவார்கள், நானும் ஒட்டிக்கொள்வேன். அந்த அக்கா முதல் தடவை வந்தபோது கையில் படம் இல்லை. "ஐ.சி. அட்டையில இருக்கிற மாதிரி மூஞ்சி தெரியற படமா ஒண்ணு கொண்டாங்கக்கா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினேன்.

மூன்று நாள் கழித்து வந்தார். நீலத் திரைக்கு முன்னால் நேராகப் பார்த்தபடி ஒரு பழுப்பு நாய். காது இரண்டும் தெரிந்தன. கழுத்துக்குக் கீழே, பிடித்துக்கொண்டிருந்த இரண்டு விரல் நுனிகளும் தெரிந்தன.

"ஸ்டூடியோக்காரர் ஒத்துக்கிட்டாராக்கா?"

"மொதல்ல மாட்டேன்னாரு தங்கச்சி. நகராண்மையில கேக்குறாங்கன்னு சொன்னேன். காது தெரியணுமான்னு கேட்டாரு. நீங்க அத சொல்லலியே, எதுக்கும் தெரியட்டும்னு நான் பின்னால குந்திக்கிட்டு புடிச்சிக்கிட்டேன்."

ஆபீஸே சிரித்தது. நான்தான் அந்தப் படத்தை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். நாயின் பெயர் என்று கேட்ட இடத்தில் குண்டு குண்டான தமிழ் எழுத்தில் 'கோப்பி' என்று எழுதியிருந்தார். கோப்பி நிறம்தான்.

சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பால் வெட்டி, தோட்டத்தை வீடமைப்பு மேம்பாட்டுக்காரர்கள் வாங்கிய பிறகு எங்கள் ஊர் தாமான் குடியிருப்பில் ஒரு குறைந்த விலை வீட்டுக்கு வந்தவர். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் ஜொகூரில். அக்காவுக்கு ஒரு தமிழ்ப்பள்ளிக் கேண்டினில் வேலை. ஒல்லியான உருவம். எப்போதும் தலையை இறுக்கி வாரிக் கொண்டை போட்டிருப்பார். கையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று, அதற்குள் எல்லாத் தாளும் வரிசையாக இருக்கும்.

சொன்னதைச் சொன்னபடி செய்வார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சொல்கிறவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் போதும். அது சட்டமா, யோசனையா, எரிச்சலில் வந்த பேச்சா என்று பிரித்துப் பார்க்க மாட்டார். அதிலும் கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குக் கணக்கு.

நோய்த்தொற்றுக் காலத்தில் கவுண்டருக்கு முன்னால் தரையில் பாதச்சுவடு ஒட்டினோமே, நினைவிருக்கும். தொற்று போய், எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு கவுண்டரில் சாய ஆரம்பித்த பிறகும், அந்த அக்கா மட்டும் பாதி கிழிந்துபோன அந்த ஸ்டிக்கர் மேல் இரண்டு காலையும் சரியாக வைத்து நிற்பார். அங்கிருந்தே பேசுவார். எனக்குக் காது கேட்காது. "கிட்ட வாங்கக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். சொன்னால் வருவார்.

ஒரு வருடம் கோப்பிக்கு வெறிநாய் ஊசி போட வேண்டிய தேதி, அட்டையில் போட்டிருந்தபடி பார்த்தால், தீபாவளி அன்று விழுந்துவிட்டது. புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு நாயோடு கால்நடை இலாகா கேட்டில் போய் நின்றிருக்கிறார். காவலாளிதான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அடுத்த வேலை நாளில் ஊசியைப் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ரெண்டு நாளு பிந்திட்டுது தங்கச்சி. லைசனுக்கு எதும் குத்தமா?"

"ஐயோ அக்கா, வருசக்கணக்கா ஊசியே போடாதவங்க எத்தன பேரு இருக்காங்க லா. நீங்க ஏன் இப்படி பயப்படறீங்க?"

அன்றைக்குத்தான் கொஞ்சம் சொன்னார். தோட்டத்தை விற்றபோது, வீட்டுக்குப் பதிந்துகொள்ள இந்தத் தேதிக்குள் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று ஆபீஸ் சுவரில் தாள் ஒட்டினார்களாம். "அடுத்த வாரம் போனா என்ன" என்று புருஷன் சொன்னாராம். அடுத்த வாரம் போனார்கள். மற்ற குடும்பங்களெல்லாம் தாமானுக்குப் போன பிறகு, இவர்கள் மட்டும் கரண்டு வெட்டிய தோட்டத்து லயத்தில் இரண்டு வருடம் கிடந்தார்கள். "அதுலேருந்து தங்கச்சி, சொன்னா சொன்ன மாதிரி செஞ்சிடறது. நமக்கு எதுக்கு வம்பு?" என்று சிரித்தார். கோப்பி அந்த லயத்தில் கடைசியாகப் பிறந்த குட்டி.

அவருடைய இந்தக் குணத்தை நாங்கள் கேலி செய்தாலும், அது ஒருவருக்கு நல்லது செய்ததையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆபீசில் கொடுக்கும் துண்டுத்தாளில், நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், பிறகு உடனே கிளினிக் போக வேண்டும் என்று இருக்கும். எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். நானே அதை முழுசாகப் படித்ததில்லை. ஒரு நாள் கேண்டின் நடத்துகிறவரின் மனைவியை, பின்பக்கம் குப்பைத் தொட்டியருகே ஒரு தெருநாய் கையில் பிறாண்டிவிட்டது. மருந்து தடவிக்கொண்டு அடுப்புக்குத் திரும்பப் பார்த்தவரை அக்கா குழாயடிக்கு இழுத்துப் போயிருக்கிறார். அந்த அம்மாளே பிறகு என் கவுண்டரில் நின்று கைகொட்டிச் சிரித்தபடி சொன்னார்.

"ரேஹாட் மணி அடிச்சிட்டான், பிள்ளைங்கெல்லாம் தட்டை வச்சிக்கிட்டு நிக்குதுங்க, மீகூன் அடிபிடிக்குது. நான் கத்தறேன், விடு விடுன்னு. சொவத்துக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு கைய விட மாட்டேங்குது லா அது! பதினஞ்சு நிமிசம்னா பதினஞ்சு நிமிசம். ஆனா கிளினிக்ல டாக்டர் கேட்டாரு, யாரு இவ்வளவு நல்லா கழுவிவிட்டதுன்னு."

அந்த அம்மாள் ஊசிகளையெல்லாம் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். என்னிடமிருந்து போன ஒரு தாள் அக்காவின் கையில் ஒருவரைக் காப்பாற்றியது. அதே என்னிடமிருந்து போன ஒரு பேச்சு என்ன செய்தது என்பதுதான் மீதிக் கதை.

லைசனை ஒவ்வொரு ஜனவரியும் புதுப்பிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு நிறத்தில் எண் அடித்த சின்னத் தகடு தருவோம். நாயின் கழுத்துப்பட்டையில் அது தொங்க வேண்டும். முதல் வருடம் "கழுத்துல மாட்டிடுங்கக்கா" என்று சொன்னேன், மாட்டினார். அந்தக் கடைசி ஜனவரியில் என் நேரம் சரியில்லை. தகட்டைத் தொலைத்துவிட்டு மாற்றுக் கேட்டு ஒரே வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். மாற்றுத் தகடு என்றால் போலீஸ் ரிப்போர்ட், சத்தியப் பிரமாணம், மேலே இரண்டு கையெழுத்து. நான் ஏதோ கள்ளத் தகடு விற்கிறவள் போல என் மேலதிகாரி எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் அக்காவின் நம்பர் வந்தது.

பச்சைத் தகட்டை நீட்டினேன். "தொலைச்சிடாதீங்கக்கா. தொலைச்சா ரிப்போர்ட்டு அது இதுன்னு பெரிய தொல்லை. வூட்டுல பத்திரமான எடத்துல வைங்க."

"கழுத்துல இருந்தா அறுந்து விழுந்துடும்ல தங்கச்சி?"

"அதான் சொல்றேன்" என்றேன். என் கண் கணினியில் இருந்தது. விரல் அடுத்த நம்பரை அழுத்திவிட்டது.

அவர் கேட்டது கேள்வி. அது எனக்கு வெறும் சத்தமாக விழுந்ததே தவிர கேள்வியாக விழவில்லை. தகடு கழுத்தில் இருக்க வேண்டும் என்ற விதி லைசன் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மலாயில் இருக்கிறது. நான் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு அவர் ஏன் தாளைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்?

பத்திரமான இடம் என்றால் எங்கள் ஜனங்களுக்கு எது என்று எனக்குத் தெரியாதா? சாமி மேடைதான். பிறப்புப் பத்திரம், வேலை நியமனக் கடிதம், புது கார் சாவி, எல்லாம் முதலில் அங்கேதான் போகும். என் பரீட்சை முடிவுத் தாள் ஒரு மாதம் சாமிப் படத்துக்கு முன்னால் குங்குமத்தோடு கிடந்தது. அக்கா என் பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போய், கோப்பியின் கழுத்தில் பழைய தகட்டை அவிழ்த்து, புதுத் தகட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முனியாண்டி சாமி படத்தின் காலடியில் வைத்துவிட்டார். நாயோடு திரியும் சாமி, நாயின் தகட்டைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருக்கலாம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சில மாதம் கழித்துப் பக்கத்து வட்டாரத்தில் ஒரு நாய்க்கு வெறிநோய் என்று உறுதியானது. மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒலிபெருக்கி கட்டிய வேன் தாமான் தாமானாகச் சுற்றியது. லைசன் தகடு இல்லாமல் வெளியில் இருக்கும் நாய்களைப் பிடிப்பார்கள், நோய் பயம் தீரும்வரை பிடித்த நாய்களை நாள் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள், அன்றைக்கே ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். ஜனங்கள் பயந்துபோய் லைசன் எடுக்க வரிசை வாசல்வரை நின்றது. அக்கா வரவில்லை. அவருக்கு என்ன பயம்? லைசன் இருக்கிறது, ஊசி போட்டாயிற்று, தகடு பத்திரமாக இருக்கிறது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாநிலத்தில் வாரத்தின் முதல் வேலை நாள். ஆபீஸ் நிரம்பி வழிந்தது. அன்று காலை அக்கா வீட்டுக்குச் சமையல் கேஸ் தோம்பு கொண்டுவந்தவர், வழக்கம்போல வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கேட்டைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கிறார். கோப்பி வெளியே வந்து வீட்டு முன்னால்தான் படுத்திருந்தது. பிடிக்கிறவர்கள் கழுத்தைப் பார்த்தார்கள். வெறும் பட்டை. லோரியில் ஏற்றிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கேண்டினுக்குப் போன் போட, அக்கா வீட்டுக்கு ஓடி, சாமி மேடையிலிருந்து தகட்டை எடுத்துக்கொண்டு நகராண்மைக்கு வந்தார்.

வந்தவர் நம்பர் எடுத்தார்.

அவருக்கு முன்னால் பதினேழு பேர். கேண்டின் ஏப்ரனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மடியில் அந்தப் பிளாஸ்டிக் பை. எண் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். பாதச்சுவடு, வரிசை எல்லாவற்றையும் தாண்டி என் கவுண்டரை நோக்கி நாலைந்து அடி வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி வந்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு முன்னால் ஒருவர் பாரத்தைத் தப்புத் தப்பாக நிரப்பி வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கி எண் பலகையைக் காட்டினேன். பொறுங்கள், நம்பர் வரட்டும் என்று.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு நான் தேநீர் குடிக்கப் பின்பக்கம் போனேன். அந்த அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் லோரி நிற்கும் இடம் தெரியும். அன்று நாய் லோரி அங்கே நின்றது. பிடித்த நாய்களின் தாள்களில் கையெழுத்து வாங்கவும் ஆட்கள் பசியாறவும் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நாய்கள் குரைத்தன. ஒன்று மட்டும் குரைக்காமல், விட்டு விட்டு ஊளையிட்டது. "தொல்லை பிடிச்ச சத்தம்" என்று சொல்லி ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். காயா ஜாமை ரொட்டியில் கொஞ்சம் அதிகமாகவே தடவிக்கொண்டு சாப்பிட்டேன். இதையெல்லாம் ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், எனக்கு மறக்கவில்லை.

அவருடைய நம்பர் வந்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. வந்து ஸ்டிக்கர் மேல் நின்றார். நான் சொல்லாமலேயே கிட்ட வந்தார். பையைத் திறந்து லைசன் தாள், ஊசி அட்டை, பச்சைத் தகடு மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"கோப்பிய ஏத்திட்டு போயிட்டாங்க தங்கச்சி. லைசன் இருக்கு. நீங்க சொன்ன மாதிரி பத்திரமாதான் வச்சிருந்தேன்."

தகட்டில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. எண் தெரியவில்லை. நகத்தால் சுரண்டித்தான் படித்தேன். சுரண்டும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜனவரியில் நான் சொன்னது, ஜன்னலைச் சாத்தியது, எல்லாம்.

போன் போட்டேன். லோரியோடு போன மலாய்க்கார அபாங் எடுத்தார். பழுப்பு நாய், எந்தத் தாமான் என்று சொன்னேன். "அந்த லோரியா? எல்லாம் முடிஞ்சிருச்சே" என்று மலாயில் சொன்னார். என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. மேசையில் இருந்த ஊசி அட்டையை எடுத்து, கடைசியாகப் போட்ட தேதியை விரலால் தடவினார்.

"ஊசி கூட போட்டிருந்தேனே" என்றார். பிறகு, "நம்பருக்கு நிக்காம முன்னாடியே வந்து சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா தங்கச்சி?" என்று கேட்டார்.

கேட்டது குற்றம் சாட்ட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லோரி அரை மணி நேரம் என் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றது என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, இரண்டு தப்பும் என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கவுண்டரில் மேலதிகாரி நின்றார்.

"இல்லக்கா. முன்னாடி வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றேன்.

"அப்படியா" என்றார். அவர் முகத்தில் ஒரு சின்ன ஆறுதல் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மை இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன். அவருக்கு ஆறுதல் கிடைத்தது, அவ்வளவுதான்.

போகும்போது திரும்பி வந்து, "நாயி செத்துட்டா தகட்ட திருப்பிக் குடுக்கணும்ல?" என்று கேட்டார். கொடுக்க வேண்டும் என்றுதான் விதி. வாங்கிக்கொண்டேன். கணினியில் லைசனை ரத்து செய்ய ஒரு காரணம் தட்ட வேண்டும். 'இறப்பு' என்று தட்டினேன். தகட்டைக் கோப்பில் சேர்க்கவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. என் வீட்டுச் சாமி மேடையில் அதை வைக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

மறுநாள் ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினேன். மேலே மலாயில், கீழே என் கையெழுத்தில் தமிழில்: 'தகடு எந்நேரமும் நாயின் கழுத்தில் இருக்க வேண்டும். வீட்டில் வைக்காதீர்கள்.' அதோடு வருகிற ஒவ்வொருவரிடமும் வாயாலும் சொன்னேன். "தெரியும் லா" என்று பலர் எரிச்சல்பட்டார்கள். தெரியாமல் போக அவர்கள் என்ன என் பேச்சைக் கேட்டவர்களா?

ஒரு வருடத்துக்குப் பிறகு அக்கா வந்தார். தனக்காக வரவில்லை. அன்றைக்குப் போன் போட்ட பக்கத்து வீட்டுப் பெண் புதிதாக ஒரு குட்டி வளர்க்கிறாள், பாரம் நிரப்பத் துணைக்கு வந்திருந்தார். வேறு நாய் வளர்க்கவில்லையா என்று கேட்டேன். "வேணாம் தங்கச்சி, அதுக்கு அப்புறம் மனசு வரல" என்றார். படம் கொண்டு வந்திருந்தார்கள். நீலத் திரை, காது இரண்டும் தெரிந்தன.

நான் தகட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடியில் இருந்த தாளைப் படிக்க ஆரம்பித்தார். உதட்டை அசைத்து, எழுத்து எழுத்தாக. கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். இப்போது கேட்பார், கேட்கட்டும், கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நான் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இது புது சட்டமா தங்கச்சி?" என்றார்.

பின்னால் யாரும் இல்லை. மேலதிகாரியும் அன்று விடுப்பு. அவர் கண்ணில் சந்தேகமே இல்லை. நான் சொல்லப்போகும் பதிலுக்காக, பாதி கிழிந்த அந்தப் பாதச்சுவட்டின் மேல் நின்றபடி காத்திருந்தார்.

"ஆமாக்கா" என்றேன். "புதுசுதான்."

அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா? கழுத்துலயே மாட்டிடு. இந்தத் தங்கச்சி சொன்னா சரியா இருக்கும்."